விருந்தினர் பொம்மையைப் பார்க்காமல் கீழே பார்க்கிறார் என்றால்

பொம்மை விருந்தினரைப் பேட்டி எடுக்கும் உங்கள் நிகழ்ச்சியில் மேசையை உயர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பொம்மையின் கண்ணைச் சரிசெய்யுங்கள். பேட்டி நடுவே விருந்தினர் மேசைக்கடியில் இருந்து பொம்மையை இயக்கும் கலைஞரைத் தேடுகிறார் என்கிறீர்கள். பொம்மை தன்னைப் பார்க்கிறது என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. பொம்மையின் கருவிழிகள் ஒன்றுக்கொன்று விலகி ஒட்டப்பட்டிருக்கலாம். மூக்குப் பக்கம் லேசாக நகர்த்துங்கள்.

விருந்தினர் நாற்காலியில், அவர் கண் உயரத்தில் போனை வைத்துப் பதிவு செய்து, ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். பொம்மையின் பார்வை விருந்தினரின் காதுக்குப் போகிறதா, கண்ணுக்கா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று: மப்பெட்ஸ் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1950களிலேயே மானிட்டரை, அதாவது கேமராவில் பதிவாகும் படம் தெரியும் திரையை, பார்த்துத்தான் பொம்மையை இயக்கினார். நீங்களும் அப்படியே செய்யலாம். ஆனால் மானிட்டர் கேமராவின் கோணத்தை மட்டுமே காட்டும். அதில் கச்சிதமாகத் தெரியும் பார்வை விருந்தினரைத் தவறவிடலாம். அதோடு படம் கண்ணாடிபோல் திரும்பியிருக்காது; புதியவருக்கு இடம் வலம் குழம்பும்.