தாளில் எதிரெதிரே நிற்கும் குளோரின்

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறாள். டைகுளோரோமீத்தேனில் இரண்டு குளோரினும் எதிரெதிரே இருப்பதால் இழுவை சமமாகிவிடும், அதனால் அது முனைவற்ற மூலக்கூறு என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. படத்தைப் பார்த்தால் அவள் சொல்வது சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், கோளாறு படத்தில்தான். நடுவில் கார்பன், மேலும் கீழும் குளோரின், இரு பக்கமும் ஹைட்ரஜன் என்று கூட்டல் குறி மாதிரி போட்டுவிடுகிறோம். ஆனால் நாலு பிணைப்பின் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முடிந்தவரை விலகி நிற்கப் பார்க்கும். தட்டையாக இருந்தால் பக்கத்துப் பிணைப்புக்கு 90 பாகைதான் கிடைக்கும், நான்முகியாக விரிந்தால் சுமார் 109.5 கிடைக்கும்.

இன்று ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையும்போது கெட்டியாக ஒரு சின்ன உருண்டை எடுத்து மகளிடம் கொடுங்கள். மூன்று பல்குச்சியை முக்காலிக் கால் மாதிரி விரித்துக் குத்தி, நாலாவதை நேர் மேலே குத்தச் சொல்லுங்கள். ஏதாவது இரண்டு குச்சியின் நுனியில் திராட்சை. அதுதான் குளோரின். எப்படித் திருப்பினாலும், திராட்சையை வேறு குச்சிக்கு மாற்றினாலும், இரண்டு திராட்சையும் நேர் எதிரே வரவே வராது. இரண்டும் சேர்ந்து எலக்ட்ரானைத் தங்கள் பக்கமாகவே இழுக்கின்றன, அதனால் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மூலக்கூறு எவ்வளவு முனைவுள்ளது என்பதன் அளவு, 1.60 டிபை (டிபை என்பது அதன் அலகு). மூன்று குச்சியில் திராட்சை வைத்தால் குளோரோஃபார்ம். குளோரின் கூடியும் அளவு 1.04 ஆகக் குறைகிறது, ஏனென்றால் மூன்றாவது குளோரின் மற்ற இரண்டின் இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது). நாலிலும் வைத்தால் கார்பன் டெட்ராகுளோரைடு, சுத்தமாக பூஜ்யம்.

அப்புறம், தனி இணை எலக்ட்ரான்களை, அதாவது பிணைப்பில் சேராமல் அணுவின் மேலேயே தங்கிவிடும் எலக்ட்ரான் ஜோடிகளை, விட்டுவிட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு, அதனால் பூஜ்யம். சல்ஃபர் டை ஆக்சைடு பெயரில் அதே மாதிரி இருந்தாலும் சல்ஃபரின் மேல் இருக்கும் தனி இணை இரண்டு ஆக்சிஜனையும் வளைத்துவிட, 1.63 டிபை. தண்ணீரும் இப்படித்தான், கோணம் 104.5, அளவு 1.85.

அதற்காகத் தனி இணை இருந்தாலே முனைவு என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. செனான் டெட்ராஃபுளோரைடில் இரண்டு தனி இணை உண்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே. நாலு ஃபுளோரினும் நடுத்தளத்தில் நிஜமாகவே கூட்டல் குறி மாதிரி நிற்கும். மகள் வரைந்த தட்டைப் படம் இங்கே சரி, அவள் சொன்ன காரணமும் இங்கே சரி.