மர்ம வாடிக்கையாளர் பணி: எதை ஏற்பது, எதை விடுவது?

அன்புள்ள ஐயா,

நான் கோவை சிங்காநல்லூரில் வசிக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் கிடைக்கும் நேரத்தில் மிஸ்டரி ஷாப்பிங் வேலை, அதாவது சாதாரண வாடிக்கையாளர் போலச் சென்று சேவையைச் சோதித்து ரிப்போர்ட் எழுதும் வேலை, செய்யலாம் என்று ஓர் ஏஜென்சியில் பதிந்திருக்கிறேன். இந்த வாரம் மூன்று வேலைகள் வந்துள்ளன. ஆர்.எஸ். புரத்தில் ஓர் உணவகம், எனக்குத் தரும் கட்டணம் 300 ரூபாய், சாப்பாட்டுச் செலவில் 500 ரூபாய் வரை திருப்பித் தருவார்கள். திருச்சி சாலையில் ஒரு பெட்ரோல் பங்க், 150 ரூபாய், 100 ரூபாய்க்குப் பெட்ரோல். அவினாசி சாலையில் ஒரு கார் ஷோரூம், 800 ரூபாய். தொகை அதிகமாக இருக்கும் ஷோரூமையே எடுக்கலாமா? வாட்ஸ்அப்பில் இன்னொருவர் 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தினால் தினமும் வேலை தருவதாகச் சொல்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு ஆண்டுகள் நானும் இந்த வேலையைச் செய்தவன் என்பதால், முதல் ஆண்டில் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியவற்றையே உங்களுக்கு எழுதுகிறேன். கட்டணம் என்று குறிப்பிடப்படும் தொகை உங்கள் கூலி அல்ல. கைக்காசும் நேரமும் போக எஞ்சுவதுதான் கூலி.

உணவகத்தையே எடுத்துக்கொள்வோம். இத்தகைய வேலைகளில் ஒரு தொடக்க உணவு, ஒரு முதன்மை உணவு, ஒரு பானம் என்று எதை வாங்க வேண்டும் என்பதையும் அவர்களே விதித்துவிடுவதுண்டு. வரியோடு பில் 620 ரூபாய் ஆனால் 120 ரூபாய் உங்களுடையது. சிங்காநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் போய்வரப் பெட்ரோல் 50 ரூபாய் என்று வைத்தால், 300 ரூபாயில் எஞ்சுவது 130. பயணம் ஒன்றேகால் மணி, சாப்பாடு ஒரு மணி, ரிப்போர்ட் எழுத ஒன்றேகால் மணி என்று மூன்றரை மணி நேரம் போகிறது. மணிக்கு 37 ரூபாய். எப்படியும் அந்த உணவகத்திற்குச் செல்லும் எண்ணம் உங்களுக்கு இருந்திருந்தால் கணக்கு மாறும். இல்லையென்றால் அந்த 500 ரூபாயை வருமானமாக எண்ணாதீர்கள்.

இந்தக் கணக்கில் எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது ரிப்போர்ட்டைத்தான். ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆம், இல்லை என்று முடியும் 40 கேள்விகள் கால் மணி நேரத்து வேலை; 'நடந்ததை விவரிக்கவும்' என்ற 10 கேள்விகள் ஒரு மாலைப்பொழுதையே தின்றுவிடும். வாசலில் வரவேற்க எத்தனை நிமிடம் ஆனது, பரிமாறியவரின் பெயர்ப் பட்டையில் என்ன இருந்தது, கழிவறையில் சோப்பு இருந்ததா என்பதையெல்லாம் குறிப்பெடுப்பது தெரியாமல் நினைவில் கொண்டுவர வேண்டும். நேர வரம்பும் முக்கியம். குறித்த நேரத்தைக் கடந்து ஏழு நிமிடம் கழித்து பில் போடப்பட்டிருந்த ஒரே காரணத்தால் என் ரிப்போர்ட் ஒன்று நிராகரிக்கப்பட்டது; கட்டணமும் வரவில்லை, சாப்பிட்ட செலவும் திரும்பவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட ரிப்போர்ட்டுக்கும் பணம் வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆவதுண்டு என்பதால், இந்த மாதச் செலவுக்கு வேண்டிய பணத்தை இதில் முடக்காதீர்கள்.

ஷோரூம் வேலையை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. விற்பனையாளரோடு பேச்சு, டெஸ்ட் டிரைவ், கொட்டேஷன் என்று இரண்டு மணி நேரம் ஆகும். அதன்பின் அவர் எத்தனை முறை தொடர்புகொள்கிறார் என்பதும் சோதனையின் பகுதியாக இருந்தால், ஒரு வாரம் உங்கள் சொந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்கு வாங்கப்போகிறவராகவே பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் உங்கள் பக்கத்துச் செலவு. அந்த விற்பனையாளருக்கோ விற்றால்தான் ஊக்கத்தொகை. மாதக் கடைசியில், இலக்கை எட்ட ஒரு வண்டி குறையும் நாளில், வாங்கவே போகாத ஒருவருக்காக அவர் இரண்டு மணி நேரத்தை இழப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவ்வகை வேலைகளை நான் ஏற்கவில்லை. உண்மையிலேயே கார் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எடுங்கள், அதுவும் மாதத் தொடக்கத்தில்.

பெட்ரோல் பங்க் வேலையைத் தயங்காமல் ஏற்கலாம். உங்கள் வீட்டுச் சாலை, எப்படியும் போட வேண்டிய பெட்ரோல், பத்து நிமிட நிறுத்தம். மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டினார்களா, பில் தந்தார்களா, இலவசக் காற்று இருந்ததா என்று கண்ணால் கண்டதை எழுதினால் போதும். காணாததைக் 'காணவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதும் ஒரு வரி அங்கே நிற்கும் ஊழியரின் சம்பளத்தைத் தொடக்கூடும்.

வாட்ஸ்அப்காரருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வேலை தருகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டுமே அல்லாமல், உங்களிடம் கேட்கக் கூடாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

உணவகம் குறித்து உடனே மறுக்க வேண்டாம். கடைசி நாள் நெருங்கியும் ஆள் கிடைக்காத வேலைக்கு ஏஜென்சிகள் கட்டணத்தை உயர்த்துவதுண்டு. ஆர்.எஸ். புரத்தில் வேறு வேலை ஏதாவது உண்டா, ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்க முடியுமா, உணவுக்கான வரம்பை 650 ரூபாயாக உயர்த்துவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இவற்றில் இரண்டுக்காவது ஆம் என்ற பதில் வந்தால் போய்வாருங்கள்.

அன்புடன்.