ரேம் வாங்கும் முன் மீனம்பாக்கத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்

கேள்வி: அலுவலகத்தில் பயன்படுத்திய பழைய கணினி ஒன்றை வாங்கி, 2020-ல் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் விளையாட்டை அதில் ஓட்டுகிறேன். ஐ5 10400 பிராசசர், எச்410 மதர்போர்டு, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் ஒன்று. வேலூரின் அப்துல்லாபுரம் விமான தளத்தைச் சுற்றிப் பறந்தால் ஓரளவு ஓடுகிறது. சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கப் போனால் படம் நின்று நின்று வருகிறது. சேர்த்து வைத்த 6,000 ரூபாய் இருக்கிறது. கடையில், கலர் விளக்கு எரியும் 3600 வேக ரேமைப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
- பாலிடெக்னிக் மாணவர், தொரப்பாடி

பதில்: அந்த ரேம் வேண்டாம், தம்பி. வேறு எதையும்கூட இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். மாலையில் ஒரு சோதனை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, விமானத்தை மீனம்பாக்கம் நோக்கி இறக்குங்கள். படம் நிற்கும் அந்த நொடியில் அங்கே என்ன எண்கள் தெரிகின்றன என்று எழுதி வையுங்கள்.

மெமரி, அதாவது ரேம், 90 சதவீதத்தைத் தாண்டி, அதே நேரத்தில் டிஸ்க்கின் கோடும் எகிறினால் குறை ரேமில்தான். ரேமில் இடம் தீர்ந்ததும் விண்டோஸ் தன் சுமையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது. அதைத் திரும்ப எடுத்து வரும் வரை விமானம் வானத்திலேயே நிற்கிறது. மெமரியில் 2 ஜிபி காலியாக இருந்து, கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் நின்றால் கதை வேறு. எத்தனை ரேம் போட்டாலும் அந்தத் திணறல் தீராது. படத் தரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் கணினியில் முதல் வகைக் குறைதான் இருக்கும் என்று எண்ணுகிறேன். இந்த விளையாட்டுக்கு மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 8 ஜிபி. பரிந்துரைப்பது 16. எல்லா வசதிகளோடும் ஓட்ட 32. விண்டோஸும் பிரவுசரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, 8-ல் விளையாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சோதனையும் அதையே சொன்னால், இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் வாங்குங்கள், உங்கள் போர்டு ஏற்கும் வகை அதுதான். பழையதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஒன்றைத் தனியாகப் போடுவதைவிட, எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்லாட்டிலும் (ரேம் செருகும் இடங்கள்) இருப்பது நல்லது. ஒரு ரேம் மட்டும் இருந்தால் பிராசசருக்கு ஒரு வழிதான் திறந்திருக்கும். இரண்டு இருந்தால் இரண்டு வழிகளிலும் தகவல் ஓடும். இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறுவனம் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். டிடிஆர்3, டிடிஆர்5 இரண்டும் உங்கள் போர்டில் பொருந்தவே பொருந்தாது. ரேமின் அடி விளிம்பில் உள்ள வெட்டு இருக்கும் இடமே வேறு.

3600 ஏன் வேண்டாம்? உங்கள் பிராசசர் ஏற்கும் ரேம் வேகம் 2666. எச்410 போர்டு அதற்கு மேல் போக விடாது. வேகமான ரேமைப் போட்டாலும் இறங்கி வந்துதான் ஓடும். 2666-ம் 3200-ம் ஒரே விலை என்றால் 3200-ஐ எடுங்கள், நாளை வேறு கணினிக்கு உதவும். அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். கலர் விளக்கு எரிவதால் விமானம் வேகமாகப் பறக்காது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பகுதி ரேம் சில்லுகளைத் தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்றுவந்த தன் குரூஷியல் ரேம் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே போன மாதம் நண்பன் வாங்கிய விலையை நம்பிப் புறப்படாதீர்கள். ஒரே நாளில் மூன்று கடைகளில், ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். 6,000-க்குள் அடங்காவிட்டால் கடன் வாங்க வேண்டாம். பிரவுசரை மூடிவிட்டு, விளையாட்டில் தரைக்காட்சியின் நுணுக்கத்தையும் விமான நிலையப் போக்குவரத்தையும் குறைத்து ஓட்டிக்கொண்டு, விலை இறங்கும் வரை பொறுத்திருங்கள். 2024 பதிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்குக் குறைந்தபட்சமே 16, பரிந்துரை 32.

மாட்டும்போது மின்கம்பியை உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு சேர்கிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் நேராக அமுக்குங்கள். 'டக்' என்று கொக்கி விழ வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறுமுனை தூக்கி நின்றால் திரையில் எதுவும் வராது. ரேம் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடுபவர்கள் பலர். நம் ஊர்க் கோடையில் பெட்டிக்குள் படியும் புழுதி கொஞ்சநஞ்சமல்ல. திறந்த கையோடு பழைய ரேமையும் எடுத்து, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ரயில்வேயில் ஓய்வுபெற்றவன். 2006-ல் வந்த பழைய பிளைட் சிமுலேட்டர் எக்ஸ்தான் எனக்குப் பிடித்தது. நீண்ட பயணத்தின் முடிவில் 'மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. 8 ஜிபி இருக்கிறது. 16 ஆக்கினால் சரியாகுமா?
- காட்பாடி வாசகர்

பதில்: ஆகாது, ஐயா. பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அது 32 பிட் மென்பொருள். கணினியில் 8 இருந்தாலும் 64 இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. கூடுதலாகச் சேர்த்த விமானங்களும் நிலக்காட்சிகளும் வழிநெடுக அந்த நாலையும் நிரப்பிவிடுகின்றன. அதனால்தான் புறப்படும்போது வராமல் இறங்கும்போது வருகிறது. காட்சிச் செறிவை ஒரு படி குறையுங்கள், தேவையற்ற சேர்க்கைகளை நிறுத்துங்கள், ஒரு பயணம் முடிந்ததும் மூடிவிட்டுத் திறங்கள். புதிதாக ஏதாவது ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் பிளைட்கியர் இருக்கிறது. இலவசம், 64 பிட்டிலும் ஓடும்.

கேள்வி: மகனுக்காக 16 ஜிபி ரேம் வாங்கினேன். 'பில் வேண்டாம் என்றால் 900 ரூபாய் குறையும்' என்றார்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். பத்தே நாளில் கணினி திடீரென நின்று நீலத்திரை வருகிறது. விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள்.
- குடியாத்தம் வாசகி

பதில்: 5,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 900 ரூபாய். அதை மிச்சம் என்று காட்டி உங்கள் கையிலிருந்த சான்றை எடுத்துக்கொண்டார்கள் அம்மா, எனக்குக் கோபமே வருகிறது. ஆனாலும் நீங்கள் கைவிடப்படவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதேதான். பத்து நாள்தான் ஆகிறது, எனவே இன்றே தொடங்குங்கள்.

முதலில் பழுதை உறுதி செய்யுங்கள். புதிய ரேமை மட்டும் மாட்டி, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓட விடச் சொல்லுங்கள். பிழை இருந்தால் சிவப்பு வரிகள் வரும். அதையும் ஸ்டிக்கரையும் துண்டுச் சீட்டையும் படம் எடுங்கள். கைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், அல்லது இ-ஜாக்ரிதி தளத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.