மும்பையில் யூத இளைஞர்கள் கூடும் மாலை ஒன்றுக்குப் பத்திரிகையாளன் என்ற முறையில் என்னை விருந்தினராக அழைத்திருக்கிறார்கள். நான் என்ன பேசலாம்?

உங்களை அழைத்தவர்கள் பெரும்பாலும் பெனே இஸ்ரேல் எனப்படும் மராத்தி பேசும் யூதச் சமூகத்து இளைஞர்களாக இருப்பார்கள் என்றும், அவர்களைப் பற்றி நீங்கள் எப்போதோ எழுதிய கட்டுரையால்தான் அழைப்பு வந்திருக்கும் என்றும் ஊகிக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது.

அது ஒரு சனிக்கிழமை மாலை. வாசலில் அடையாள அட்டையைப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே உள்ளே விட்டார்கள். 2008 நவம்பரில் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தின் மீதான பயங்கரவாதத் தாக்குதலைக் கண்ட ஊர் அது; முகம் சுளிக்காமல் நில்லுங்கள். உள்ளே 30 பேர் இருந்தார்கள். முதலில் ஹவ்தாலா, அதாவது யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையை வழியனுப்பும் சடங்கு நடந்தது. பல திரிகளைப் பின்னிச் செய்த மெழுகுவர்த்தியை ஒரு பெண் உயர்த்திப் பிடித்திருக்க, கிராம்பு போட்ட சிறு டப்பா கைமாறி என்னிடமும் வந்தது. முகர்ந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தேன். சுடரைத் திராட்சை ரசத்தில் அணைத்த பிறகு, எலியாஹூ தீர்க்கதரிசியின் பெயரால் படைக்கும் மலிதாவைத் தட்டில் வைத்துத் தந்தார்கள். ஊறிய அவலில் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் இனிப்பும் கலந்த அது, என் அம்மா கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்யும் அவல் போலவே இருந்தது.

ஊடகச் சுதந்திரம் பற்றி 40 நிமிடம் பேசத் தயாராகப் போயிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு பெண் எழுந்து, கைப்பேசியில் என் பழைய கட்டுரையைத் திறந்து, 'கடைசி யூதர்கள்' என்று தொடங்கும் அதன் தலைப்பை வாசித்தார். பிறகு மராத்தியில் கேட்டார்: "எனக்கு 26 வயது சார், அடுத்த மாதம் திருமணம். நான் எப்படிக் கடைசி ஆள் ஆனேன்?"

எண்ணிக்கை குறைந்தது உண்மைதானே என்று இங்கே சிலர் வாதிடக்கூடும். உண்மைதான். 1951-இல் இந்தியாவில் 26,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட, இன்று சில ஆயிரம் பேரே இருக்கிறார்கள். ஆனால் 1796-இல் நிறுவிய யூத ஜெப ஆலயம் மும்பையில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2016-இல்தான் அவர்களுக்குச் சிறுபான்மையினர் தகுதி வழங்கியது. இவற்றை விட்டுவிட்டு, பூட்டிய கதவுகளையும் முதியவர்களின் முகங்களையும் மட்டுமே தேடிப்போய் எழுதியவன் நான். தலைப்பு வைத்தது என் ஆசிரியர் குழு. பெயர் என்னுடையது என்பதால், திட்டு எனக்குத்தான். செய்தியாளரைக் கேட்காமல் தலைப்பு வைக்கும் வழக்கத்தால் எத்தனை பேரின் நம்பிக்கையை இழந்திருக்கிறோம் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஆயினும் அந்தப் பெண்ணிடம் தலைப்பைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் கட்டுரையின் உள்ளேயும் அதே தொனிதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவர்கள்தான் பேசினார்கள்: வேலை, வாடகை, அலிபாக் பக்கத்துப் பூர்வீக ஊர், மற்ற மராத்தியர்களைப் போலவே பெயரின் முடிவில் 'கர்' இருப்பதால் யாரும் யூதர் என்று நம்பாத சங்கடம்.

எனவே கால் மணி நேரத்துக்கு மட்டும் பேச்சைத் தயாரியுங்கள். எங்கோ நடக்கும் போருக்கு அவர்களைப் பதில் சொல்ல வைக்காதீர்கள். சனிக்கிழமை என்றால், ஹவ்தாலா முடியும்வரை குறிப்பேட்டையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பையிலேயே வைத்திருங்கள்; ஓய்வுநாளில் அவர்கள் எழுதுவதில்லை.