வேற்றுலகம் போனவர்கள் ஊர் திரும்பும்போது: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகன் பத்தாவது படிக்கிறான். நேரம் கிடைத்தால் ஜப்பானிய அனிமேதான். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதை: சாதாரணப் பையன் ஒருவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான், மந்திரமும் வாளும் உள்ள வேறொரு உலகத்தில் கண் விழிக்கிறான், அங்கே பெரிய ஆளாகிவிடுகிறான். வாழ்க்கையைக் கண்டு ஓடுகிற கதைதானே இது? நம் மரபில் இப்படி ஏதாவது உண்டா?

சு., மதுரை

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உண்டு. மணிமேகலையின் எட்டாவது காதையைப் பிரித்துப் பாருங்கள். புகாரில் உவவனத்துக்குப் பூப்பறிக்கப் போனவளைத் தூக்கத்திலேயே மணிமேகலா தெய்வம் எடுத்துப் போய் மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. கண் விழித்தால் கடற்கரை மணல். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கூட வந்த சுதமதி எங்கோ ஒளிந்துகொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்து அவளைக் கூப்பிடுகிறாள். இது நனவா கனவா என்றே தெரியவில்லை, பதில் சொல் என்று கெஞ்சுகிறாள். உங்கள் மகன் பார்க்கும் தொடர்களின் முதல் பகுதியும் இதே திகைப்பில்தான் தொடங்கும். அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் பழைய கதைகளில் என்னைப் பிடித்து இழுப்பது போவது அல்ல, திரும்புவது.

ஜப்பானிலேயே உரஷிமா என்ற மீனவன் இருக்கிறான். 720-இல் முடித்த நிஹோன் ஷோகி வரலாற்று நூலிலேயே அவன் பெயர் வந்துவிட்டது. ஆமையோடு கடலுக்குள் போய், அங்கே ஒரு பெண்ணோடு சுகமாக வாழ்கிறான். கொஞ்ச காலத்தில் அப்பா அம்மா நினைப்பு வந்துவிடுகிறது. ஊர் திரும்பினால் முந்நூறு வருஷம் ஓடிவிட்டிருக்கிறது. திறக்காதே என்று அவள் கொடுத்தனுப்பிய பெட்டியைத் திறந்த கணமே கிழவனாகிறான். அயர்லாந்துப் பழங்கதையின் வீரன் ஓஷீனும் இப்படி ஒரு வேற்றுலகம் போய் வருகிறான், அவனுக்கும் அதே முந்நூறு வருஷம். தரையில் கால் படக்கூடாது என்பது அவன் மனைவி நீவ் வைத்த நிபந்தனை. தந்தையையும் தோழர்களையும் தேடிக் குதிரையில் வருகிறான், ஒருவரும் இல்லை. வழியில் சிலர் ஒரு பாறையை நகர்த்த முடியாமல் தவிக்கிறார்கள். உதவி செய்யக் குனிகிறான். சேணத்தின் வார் அறுந்து கீழே விழுகிறான், அவ்வளவுதான், முதுமை வந்து கவிந்துவிடுகிறது. உதவப் போய் அவன் விழுகிறான் என்பதை என்னால் இன்னும் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

விஷ்ணு புராணத்தில் ககுத்மி என்ற அரசர், மகள் ரேவதிக்கு வரன் கேட்க பிரம்மனின் சபைக்குப் போகிறார். அங்கே ஹாஹா, ஹூஹூ என்ற கந்தர்வர்களின் பாட்டு நடக்கிறது. முடியட்டும் என்று காத்திருக்கிறார். அதற்குள் பூமியில் பல யுகங்கள் கழிந்து, அவர் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் வம்சமே இல்லாமல் போகிறது. திரும்பி வந்தால் மனிதர்களும் உருவத்தில் சிறுத்துப்போயிருக்கிறார்கள். ரேவதியோ மிக உயரம். பலராமர் கலப்பை நுனியால் அவளை உயரம் குறைத்து மணக்கிறார்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். தேவையே இல்லை என்பேன். கடலுக்கோ போருக்கோ போய்ப் பல வருஷம் கழித்து வந்தவன் எந்த நாட்டிலும் உண்டு. வந்தவனுக்கு வீட்டில் யார் யார் இல்லை என்பதும் எங்கும் ஒன்றுதான்.

உங்கள் மகன் பார்க்கும் இந்த வகைக்கு ஜப்பானில் இசெகாய், அதாவது வேற்றுலகம், என்று பெயர். இன்றைய இசெகாய் கதைகள் பல, 2004-இல் தொடங்கிய ஒரு ஜப்பானிய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தொடராக எழுதலாம் என்ற வசதியில் வளர்ந்தவை. அவற்றில் நாயகன் முதலிலேயே செத்துவிடுவதால் திரும்பும் கேள்வியே எழுவதில்லை. என் கண்ணில் அது பெரிய இழப்பு. ஆனாலும் வெறும் ஓட்டம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இந்த உலகத்தில் தனக்கு இடமில்லை என்று நினைக்கும் பிள்ளைக்கு இன்னொரு முறை பிறந்து பார்க்கும் ஆசை வருவது இயல்பு. எந்தத் தொடரை அவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மணிமேகலை இவர்களில் தனி. மணிபல்லவம் போன ஏழாம் நாளே ஊர் திரும்பிவிடுகிறாள். கையில் அமுதசுரபி. அதில் ஆதிரையிடம் முதல் பிச்சை வாங்கி, யானைத்தீ என்னும் தீராப் பசியால் துடித்த காயசண்டிகைக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். அப்புறம் சிறைக்கோட்டத்துக்குள்ளும் அந்தப் பாத்திரத்தோடு போகிறாள். கடைசியில் சிறையே அறக்கோட்டமாகிறது. எட்டாவது காதை பிடித்திருந்தால் உங்கள் மகன் பத்தொன்பதாவது வரை போகட்டும்.