பழைய டீசல் கேம்பர் வேனில் லே வரை போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

செகண்ட் ஹேண்டில் வாங்கி கேம்பராக (படுத்துத் தங்கும் வண்டியாக) மாற்றிய டெம்போ டிராவலரில் சென்னையிலிருந்து மணாலி வழியாக லே போகலாமா, எதில் முதலில் கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். கட்டில், திரைச்சீலை எல்லாம் அப்புறம். முதல் செலவு இன்ஜினுக்கு.

டீசல் ஃபில்டரில் தொடங்குங்கள். வண்டி இரவு முழுக்க நின்றபின், ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் டீசலுக்குக் கீழே தனியாகத் தங்கி, நடுவில் கோடு தெரியும். காமன் ரயில் இன்ஜினில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) இந்தத் தண்ணீர் பம்பையும் இன்ஜெக்டரையும் அரித்துப் பெரிய செலவு வைத்துவிடும். புது ஃபில்டர் போடுங்கள், உபரியாக ஒன்று வண்டியில் இருக்கட்டும். மாற்றியபின் டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும் விதத்தை மெக்கானிக்கிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட், ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் ஆயில் யோசிக்காமல் மாற்ற வேண்டியவை. "போன மாசம்தான் மாத்தினேன்" என்று பழைய ஓனர் சொன்னால் பில்லைக் கேளுங்கள். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3516 என்றால் 2016-இன் 35-வது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயர் வேண்டாம்.

மணாலி–லே சாலையில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிவு, இழுவை குறையும், கரும்புகைகூட வரலாம். கியரைக் குறைத்து ஏற்றுங்கள். இறக்கத்திலும் தாழ்ந்த கியர்தான், பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காது.

இருக்கைகளைக் கழற்றியதை ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் ஏற்றியாயிற்றா? இல்லையென்றால் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள்.