'ஏதாவது ஒரு கல்லூரி' என்றாயே, தம்பி!

கேள்வி: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பி.டெக். கடைசி வருடம் படிக்கிறேன். மேற்படிப்புக்கு மூன்று இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. முதலாவது, அமெரிக்காவில் உலகத் தரவரிசையில் முன்னால் நிற்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட எம்.எஸ். உதவித்தொகை கிடையாது, எல்லாம் சேர்த்து 70 லட்சம் ஆகும். இரண்டாவது, அங்கேயே அதிகம் பெயர் தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. கல்விக் கட்டணம் தள்ளுபடி, உதவித்தொகையும் உண்டு. அந்தப் பேராசிரியர் என்னோடு பேச வேண்டும் என்று இரண்டு தடவை மெயில் அனுப்பிவிட்டார். முடிவெடுக்காமல் என்ன பேசுவது என்று நான் பதில் போடவில்லை. மூன்றாவது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிஎச்.டி. அங்கே ஒரு குழு சோடியம் பேட்டரியில் வேலை செய்கிறது. என் ப்ராஜெக்டும் அதுதான். லித்தியத்துக்குக் கையேந்துவது போல சோடியத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம், அது உப்பிலேயே இருக்கிறது. ஆனால் பேட்டரிக்குள் இருக்கிற மின்வாய் (எலெக்ட்ரோடு) சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது, அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப ஆசை.

அப்பச்சி (அப்பா) புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கிறார்கள். பள்ளத்தூர் பூர்வீக வீட்டில் எங்கள் பங்கையும் புதுவயலில் வாங்கிப் போட்ட இடத்தையும் வைத்துக் கடன் வாங்கலாம், பெரிய இடத்துக்கே போ என்கிறார்கள். தங்கச்சி பெயரில் போட்ட பணமும் இருக்கிறது. அவள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ எழுதியிருக்கிறாள், இங்கேயே ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்துகொள்வாள். நான் பெயரைப் பார்ப்பதா, பணத்தைப் பார்ப்பதா, எனக்குப் பொருந்துகிற படிப்பைப் பார்ப்பதா?

- பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: தம்பி, மூன்று இடம் கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அது அப்புறம். பங்குனி பிறந்தால் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வரத் தொடங்கிவிடும். ஊர் மாறும், பாடம் மாறும், கடைசியில் இருக்கிற 'பெயரா, பணமா' மட்டும் மாறாது. உன் கடிதத்தில் நான் நாலு தடவை திருப்பிப் படித்தது வேறு ஒரு வரி. 'இங்கேயே ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்துகொள்வாள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அது.

உனக்கு என்றால் தரவரிசை உண்டு, குழு உண்டு, பொருத்தம் உண்டு. அவளுக்கு அரை வரி. என்ன குரூப் எடுத்தாள், பரீட்சை எப்படி எழுதினாள், என்ன படிக்க ஆசைப்படுகிறாள், எதுவும் கடிதத்தில் இல்லை. எழுத மறந்துவிட்டாயா, உனக்கே தெரியாதா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். சோடியம் மின்வாய் ஏன் தேய்கிறது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற பிள்ளைக்கு, பக்கத்து அறையில் படுத்திருக்கிற தங்கச்சி மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

பணமும் 'இருக்கிறது' என்கிறாய். யாருக்கு இருக்கிறது? அவள் பெயரில் போட்டது அவளுக்கு இருக்கிறது. அதை எடுப்பதைப் பற்றி வீட்டில் யாராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், 'தங்கச்சியும் சரி என்றுவிட்டாள்' என்று மறக்காமல் எழுதியிருப்பாய். கேட்டாலும் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? 'அண்ணன் போகட்டும்' என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்லத்தானே பெண் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். அந்தச் 'சரி'யை நான் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள பிறப்புரிமை மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, 2005ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே 'எங்கள் பங்கு' என்று நீ எழுதினாயே, அதற்குள் அவள் பங்கும் இருக்கிறது. அது கிடக்கட்டும், பள்ளத்தூர் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முகப்பும் பட்டாலைக் கூடமும் வளவு முற்றமும் எல்லாருக்கும் பொது. உங்களுக்கென்று இரண்டு அறை இருந்தால் அதிகம். ஒரு பங்காளி சென்னையில், இன்னொருவர் மலேசியாவில், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரையும் ஒன்று கூட்டுவதே பெரும்பாடு. பாகம் பிரிக்காத பங்கை எந்த வங்கியும் லேசில் அடமானத்துக்கு எடுக்காது. கடைசியில் வங்கிக்குப் போகப்போவது புதுவயல் இடமும் தங்கச்சி பணமும்தான்.

கணக்குப் பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை நீ, ஒரு கணக்குப் போடு. 60 லட்சம் கடன் என்று வை. வட்டியை 10 சதவீதம் என்று கை இளக்கியே போடுகிறேன். வருஷத்துக்கு 6 லட்சம். நீ அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே மாதம் 50,000 ஏறும். படிப்பு இரண்டு வருஷம், வேலை தேட ஆறு மாதம், ஆக 15 லட்சம் வட்டியும் சேர்ந்து 75 லட்சம். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை 99,000 ரூபாய். மில்லில் கணக்குப் பார்க்கிறவருக்கு என்ன சம்பளம் என்று நீ எழுதவில்லை, எழுதாமலே எனக்குத் தெரியும்.

அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடுவேன் என்பாய். கிடைத்தால் அடைக்கலாம். உன் மாதிரிப் பொறியியல் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் 12 மாதம், அதற்கு மேல் இன்னும் 24 மாதம் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது. அதற்குப் பிறகு வெளிநாட்டவர் அங்கே வேலை பார்ப்பதற்கான எச்1பி விசா வேண்டும். வருஷத்துக்கு 65,000 பேர், அந்த நாட்டிலேயே முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தனியாக இன்னொரு 20,000. கேட்கிறவர்கள் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். குலுக்கலை நம்பி அப்பச்சி சொத்தை வைக்கச் சொல்ல என் மனசு ஒப்பாது. பெரிய பெயருக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. சும்மா கிடக்கிற 70 லட்சம் உள்ள வீடு என்றால் போய்விட்டு வா என்றிருப்பேன். பெற்றவர் இருப்பதையெல்லாம் எடுத்து நீட்டுவார், அது அவர் சுபாவம். வேண்டாம் அப்பச்சி என்று சொல்ல வேண்டியவன் 22 வயதான மகன். எம்.எஸ்.ஸை இன்றே தலைமுழுகிவிடு. அதைப் பற்றி நீ எழுதியதில் தரவரிசை இருக்கிறது, யாரிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று ஒரு சொல் இல்லை என்பதையும் கவனித்தேன்.

மீதி இரண்டு. இங்கேயும் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பேராசிரியர் இரண்டு தடவை எழுதியும் பதில் போடாமல் இருப்பது என்ன பழக்கம்? முடிவெடுக்காமல் என்ன பேசுவது என்கிறாய். பேசாமல் எப்படி முடிவெடுப்பாய்? நம் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக் கடைகளில் வேலை பார்க்கப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்குக்கு இன்ன சம்பளம், கடையில் என்ன பதவி, மேலாளா, அடுத்தாளா, பெட்டியடிப் பையனா என்று பேசி, சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். முதலாளி கை எப்படி, வாய் எப்படி என்று போய் வந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டார்கள். நீ ஐந்து வருஷத்துக்குப் போகப் போகிறாய், கூப்பிட்ட மனிதரின் குரலைக்கூடக் கேட்கவில்லை.

இன்று ராத்திரியே தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பு. பேசும்போது கூச்சப்படாமல் கேள். உதவித்தொகை 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? 9 மாதம் என்றால் கோடைக்காலத்தில் சாப்பாட்டுக்கு யார் கொடுப்பார்கள்? கட்டணம் தள்ளுபடி என்றாலும் மற்ற சில்லறைக் கட்டணங்களையும் மருத்துவக் காப்பீட்டையும் மாணவர் தலையில் கட்டுகிற இடங்கள் உண்டு, அது எவ்வளவு? பணம் பாடம் நடத்துவதற்காக வருகிறதா, அவருடைய ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறதா? அந்த நிதி நடுவில் நின்றால் உன் கதி என்ன? பற்றாக்குறையை மணிக்கணக்கு வேலை பார்த்துச் சரிக்கட்டலாம் என்றும் நினைக்காதே. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, உதவித்தொகைக்காகப் பார்க்கிற வேலையே அதைச் சாப்பிட்டுவிடும்.

அப்புறம், அவரிடம் படிக்கிற மாணவர்கள் இரண்டு மூன்று பேரோடு அவர் இல்லாமல் தனியாகப் பேசு. எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருஷத்தில், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள்? பாதியில் போனவர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் கூடுதலாக அரை மணி நேரம் பேசு. பெங்களூருக்கும் இதே விசாரணைதான், நம் நாடு என்று சலுகை கொடுக்காதே.

உதவித்தொகையோடு இடம் கொடுக்கிற பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை மாணவரை அவசரப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகவே நாள் இருக்கிறது. வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் மட்டும் அந்தத் தேதிக்குக் காத்திருக்காதே. உன் இடத்துக்காக யாரோ ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்டால் பெங்களூரு என்பேன். உன் கடிதத்தில் சோடியம் பற்றி வருகிற வரிகளில்தான் நீ ஊர் மெச்ச வேண்டும் என்று எழுதவில்லை. உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. விடுதியில் தங்கினால் உனக்குத் தாராளம், மாதம் 5,000 தங்கச்சி படிப்புக்கும் அனுப்பலாம். அனுப்பலாம் என்ன, அனுப்ப வேண்டும். அந்த அமெரிக்கப் பேராசிரியர் எல்லாக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லி, வேலையும் உனக்குப் பிடித்ததாக இருந்தால் அங்கே போ, நான் மறிக்கவில்லை. அங்கிருந்தும் 5,000 அனுப்ப முடியும்.

'இங்கேயே' என்று ஒரு சொல் போட்டாயே, அதுவும் எனக்கு உறுத்தியது. நீ படிக்கிற சிக்ரி, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. 1948ல் நேரு வந்து அடிக்கல் போட்டார், 1953ல் திறந்தார்கள். அதில் படித்துத்தான் உனக்கு மூன்று இடத்துக் கதவு திறந்தது. காரைக்குடியில் படிப்பது ஒரு குறைச்சலா? தங்கச்சி இங்கேதான் படிப்பேன் என்றால் படிக்கட்டும். அவள் வாயால் சொல்லட்டும்.

அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறாய். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான் என்றால் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் மாதிரிப் படிப்புகளில் அவளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, மருத்துவத்திலும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் மாதிரிப் படிப்பில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. கலைக் கல்லூரி என்றாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். உன் மேற்படிப்புக்காக எத்தனை இணையப் பக்கம் திறந்து படித்திருப்பாய், இதைத் தேடிப் பார்த்தாயா? மே மாதம் ரிசல்ட் வந்துவிடும். அதற்குள் அவளை உட்கார வைத்து என்ன படிக்க ஆசை என்று கேட்டு, எந்தெந்தக் கல்லூரியில் அந்தப் பாடம் இருக்கிறது, போன வருஷம் கட் ஆஃப் எங்கே நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளிக்கூடம் லீவு விடுவதற்குள் நீயே தலைமையாசிரியரைப் போய்ப் பார். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்கு.